ஐந்தாவது எஞ்சின்

ஐந்தாவது எஞ்சினிலும் அதே நம்பர்தான் இருந்தது.

20774. இரண்டு ஏழும் இடப்பக்கம் சாய்ந்து நின்றன.

ஜெயப்பிரகாஷ் டார்ச்சை அணைத்தார். பாவம், அவரைத் திட்டவும் முடியாது, ஆறுதல் சொல்லவும் முடியாது. தானே இழுத்து விட்டுக்கொண்ட வினை.

கள்ளக்குறிச்சியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு அறுபது வருடத்துப் பழைய ரேஸ் கார் எதற்கு? திருக்கோவிலூரில் ஒரு கொட்டகையில் எலி குடியிருந்த சிவப்பு வண்டி. இரண்டே இரண்டு சீட்டு. பானட்டைத் திறந்தால் எஞ்சினைக் காணோம். அந்தக் காலத்திலேயே யாரோ கழற்றிக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பேச்சு.

வேறு எஞ்சின் வைத்தாலும் ஓடும் என்றார்கள். ஓடும், ஆனால் அது இந்த வண்டியாக இருக்காது என்றார் ஜெயப்பிரகாஷ்.

சரி, தேடியவர் கமுக்கமாகத் தேடியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பரை அப்படியே வாட்ஸ்அப்பில் போட்டு, அந்த எஞ்சினைக் கொடுத்தால் அதற்குப் பதில் புத்தம்புது டீசல் எஞ்சின் என்று தண்டோராவும் போட்டுவிட்டார்.

கேட்கவா வேண்டும்! மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து பம்புசெட்டில் 20774. ஒரு ஓட்டை டிராக்டரில் 20774. செங்கல் சூளை ஜெனரேட்டரில் 20774. நாலாவது, கரண்டில் ஓடுகிற மாவு மிஷின் மோட்டார். அதிலும் 20774.

எல்லாவற்றிலும் ஏழு ஒரே மாதிரி சாய்கிறதே என்று ஜெயப்பிரகாஷ் வழியில் சந்தேகம் கேட்டிருந்தார். சுத்தியல் பிடிக்கத் தெரியாதவன் அடித்தால் ஏழு சாயத்தான் செய்யும் என்று, நம்பர் பார்க்கக் கூட வந்த இருசப்பன் சொல்லியிருந்தார்.

இருசப்பன் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் அவருக்கு இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. வண்டிகளின் எஞ்சின், சேசிஸ் நம்பர்களின் மேல் பென்சிலைத் தேய்த்து, செலோடேப் ஒட்டி உரித்து, பாரத்தில் ஒட்டிக் கொடுப்பார். அவர் எடுத்த பிரிண்ட் ஒன்றுகூட இதுவரை தப்பாகப் போனதில்லை.

இந்தக் கடைசி எஞ்சின் வெள்ளிமலை தாண்டி, மூக்காயி வீட்டுக் கொட்டகையில் சாமை குத்தும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மூட்டைக்கு நாலு தரம் நின்றுவிடும். நின்றால் மூக்காயிதான் உலக்கையைத் தூக்க வேண்டும். அவளுக்குத் தோள்பட்டை இரண்டும் எப்போதோ போய்விட்டது. புது எஞ்சின் வந்துவிடும் என்று நம்பிக் கொட்டகை முழுக்கச் சாணம் மெழுகி வைத்திருந்தாள்.

அவள் வீட்டு நாய் ஜெயப்பிரகாஷைப் பார்த்துக் குரைத்தது. இருசப்பனைப் பார்த்து வாலாட்டியது. சில பேருக்கு நாய் ராசி உண்டு.

"இதுவும் அதே கதைதாணா. வாங்க, கெளம்பலாம்," என்றார் ஜெயப்பிரகாஷ்.

நாளைக்கே அந்தக் காரைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிடப் போவதாகவும் சொன்னார்.

மூக்காயி மூலையில் சாய்த்திருந்த உலக்கையைப் பார்த்தாள்.

இருசப்பனுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. முகத்தை எஞ்சின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எஞ்சினின் முன்பக்கத்தில், வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடையாகத் தடித்திருந்தன. மற்ற இடமெல்லாம் மேடுபள்ளம். அந்த ஓர் இடம் மட்டும் வழவழவென்று சமமாக இருந்ததால்தான் பொட்டு அங்கே போயிருக்கிறது. கம்பெனிக்காரன் எதற்கு ஓர் இடத்தை மட்டும் இழைத்துச் சமமாக்குவான்?

நம்பர் அடிக்கத்தானே என்று அவருக்குச் சுரீரென்றது.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியால் பொட்டை அழுத்தித் துடைத்தார். பத்தை பத்தையாக உதிர்ந்தது. பென்சிலைத் தேய்த்தார். டேப்பை ஒட்டி உரித்தார்.

20774.

இங்கே ஏழு இரண்டும் நிமிர்ந்து நின்றன. எண்ணின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன நட்சத்திரம். ஆர்.சி. புத்தகத்திலும் இல்லாதது, வாட்ஸ்அப்பிலும் இல்லாதது.

ஜெயப்பிரகாஷ் டேப்பைப் பிடுங்கிப் பார்த்தார். தன் காரின் சேசிஸ் தகட்டிலும் அதே நட்சத்திரங்கள் இருப்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கரியும் எண்ணெயுமாக இருந்த எஞ்சினை அப்படியே கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை போனது போனதுதான்.

மூக்காயிக்குப் புது எஞ்சின் அனுப்பச் சொல்ல வேண்டுமே! போனைத் தூக்கிக்கொண்டு, டவர் கிடைக்கும் பாறையைத் தேடி ஓடினார். பாதி தூரம் போனவர் திரும்பிக் கத்தினார்.

"அப்போ சைடுல அந்த நம்பர அடிச்சது யாருணா?"

இருசப்பன் பென்சில் முனையை ஊதினார். நல்லவேளை, ஜெயப்பிரகாஷ் பதிலுக்கு நிற்கவில்லை.

மூக்காயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் உதட்டில் சிரிப்பு.

"அன்னிக்கி நம்பர் அடிக்கறப்பவே இந்தப் பொட்டத் தொடச்சிப் பாத்திருந்தா, ஒங்க கூலிக்குப் போன எங்க வூட்டு சேவலாச்சும் மிஞ்சியிருக்கும்ணா."