தேய்க்காமல் அடித்த வெள்ளை

காரே இல்லாமல் வந்து கார் பெயின்ட் கேட்ட அந்த ஆளைப் பார்த்ததுமே அருளானந்தத்துக்குச் சுருக்கென்றது.

தலையில் தொப்பி, நாலு நாள் தூங்காத கண். கைக்குட்டையைப் பிரித்து, நகம் அளவு வெள்ளைச் செதில் ஒன்றை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தார். இது எந்த வண்டிக் கலர் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

ரெட்டியார்பாளையத்தில் கலர் சேர்ப்பதென்றால் அருளானந்தம் கடைதான். கார் எங்கே கீறினாலும் சரி, கலர் காட்டப் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோனால் போதும். உப்புக்காற்றில் வெளுத்ததற்குத் தக்கபடி கலந்து ஸ்ப்ரே டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுவார். கூடவே ஓசியில் ஒரு பிரசங்கமும் உண்டு.

"பழசை நல்லாத் தேய்ச்சுட்டு அடி. தேய்க்காம மேல அடிச்சா, ஒருநாள் செதில் செதிலா உரிஞ்சு மானத்தை வாங்கிடும்."

சொந்தக் காருக்கு அவர் அப்படிச் செய்தாரா என்றால், அதுதான் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று கத்திரிப்பூ கலரில் ஒரு பழைய காரைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். ஊரில் வேறு யாரும் சீந்தாத கலர். தவக்காலத்தில் சாமியார் பூசைக்குப் போடுற அங்கி கலர்ல பொண்ணைக் கல்யாணத்துக்கு அழைச்சிட்டுப் போறதா என்று மனைவி ரோசா பிடித்துக்கொண்டாள். மகள் கல்யாண நாளோ கிட்டே வந்துவிட்டது. தேய்க்க ஏது நேரம்? அப்படியே மேலே வெள்ளையை அடித்து, பூ ஒட்டி மாதா கோயிலுக்கு ஓட்டினார்.

அது போகட்டும். ஞாயிறு விடியற்காலை கருவடிக்குப்பத்தில் ஒரு பெண்ணை ஏதோ ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. அன்றிலிருந்து அருளானந்தம் கொதித்துக்கொண்டிருந்தார். பூசையில் அந்தப் பெண்ணுக்காக மன்றாடச் சொன்னபோது எல்லாருக்கும் மேலே கேட்டது அவர் குரல்தான். அந்தப் பாவி எப்படியும் பெயின்டுக்கு என்கிட்டதான் வருவான், வரட்டும், ஷட்டரை இறக்கிட்டு போலீசைக் கூப்பிடுறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இதோ, வந்தே விட்டான்.

வண்டி எங்கே என்று கேட்டார். வண்டி இல்லை என்றார் வந்தவர். பெட்ரோல் மூடியாவது உண்டா என்றால், அதற்கும் தலையைத்தான் ஆட்டினார். அருளானந்தத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"பாய், அடிபட்டது ஒரு உசுரு. காரை ஸ்ப்ரே அடிச்சு மறைச்சிடுவீங்க. மனசாட்சியை எதை அடிச்சு மறைப்பீங்க?"

அவர் கோபப்படவில்லை.

"அடிபட்டது என் சம்சாரம்ங்க."



பேர் பாவா என்றார். மனைவி ஜீனத்துன்னிசா வீடுவீடாக இடியாப்பம் கொடுக்கிறவள். கூடையோடு போனவள் ரொம்ப நேரம் ரோட்டோரமே கிடந்திருக்கிறாள். உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். நேற்று அடக்கம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த, அவள் போர்த்தியிருந்த துப்பட்டியை இன்று காலை மடித்து வைக்கும்போது இந்தச் செதில் உதிர்ந்திருக்கிறது. எந்த வண்டி என்று தெரிந்தால் ஸ்டேஷனில் சொல்லலாமே என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார். வெள்ளைக் கார் ஊரெல்லாம் இருக்கு போய்யா என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

"ஜெயில்ல போடணும்னு கூட இல்லைங்க. ஏன் நிறுத்தலன்னு ஒரு வார்த்தை கேக்கணும், அவ்வளவுதான்."

அருளானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பேசினதுக்கு மன்னிச்சிடுங்க பாய் என்று உட்கார வைத்து டீ வரவழைத்தார். எந்தக் கம்பெனி வெள்ளை, எந்த வருஷத்து வண்டி, எல்லாம் நானே பார்த்துச் சொல்றேன், வேணும்னா கோர்ட்டுக்கும் வந்து நிக்கிறேன் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

செதிலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தார்.

பின்பக்கம் கத்திரிப்பூ கலர்.

ஞாயிறு காலை, கூட்டாளிகளின் விருந்துக்குப் போய்வந்த மகன் ஜூலியன், காரை நம்ம கேட்டுல இடிச்சுட்டேன்பா என்று தலையைச் சொறிந்ததும், பார்த்து ஓட்டக்கூடாதா என்று இவரே ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் ஞாபகம் வந்தன. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் பையனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. இந்த வெள்ளிக்கிழமை பாரீசுக்கு ஃபிளைட். ரோசா ஊறுகாய் முதற்கொண்டு பெட்டியில் கட்டி வைத்துவிட்டாள்.

"ஏதாவது தெரியுதுங்களா?"

பாவா டீயைத் தொடாமல் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடத்தான் அருளானந்தமும் வாயைத் திறந்தார்.

"இது கார் பெயின்டே இல்ல பாய். ஏதோ வீட்டு கேட்டுல உரிஞ்சது. துப்பட்டி போய் உரசியிருக்கும்."

பாவா கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் எழுந்தார்.

"மத்தவங்க கையில கூட வாங்கலைங்க. நீங்கதான் வெளிச்சத்துல வச்சுப் பார்த்து, உள்ளதைச் சொன்னீங்க. நல்லா இருக்கணும்."

செதிலைத் திரும்பக் கேட்கவில்லை. இனி அது எதற்கு என்று விட்டுவிட்டார் போல.

அவர் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார் அருளானந்தம். செதிலை, பெயின்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவுக்குள் போட்டு மூடினார். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டார்.

"ஜூலியன், காரை வெளிய எடுக்காதே. நான் வர்றேன். இந்தத் தடவை பழசை நல்லாத் தேய்ச்சுட்டு அடிக்கணும்."