ஒரு விரல் சாய்வு

பாண்டியின் உப்பளம் பகுதியில் ஜரினாவின் மரக்கிடங்கு பல வருஷமாக மேற்கே சாய்ந்து நின்றது. பழைய துறைமுகத்தில் சரக்கு இறங்கிய காலத்துக் கட்டடம். தேக்குத் தூண், தேக்கு உத்தரம், மேலே ஓடு. மேற்கே கலியபெருமாளின் மாடி வீடு. கிடங்கின் தலை அந்த வீட்டுச் சுவரின் தோளில் சாய்ந்திருந்தது. இரண்டும் சாராயக்கடையிலிருந்து சேர்ந்து கிளம்பிய கூட்டாளிகள் மாதிரி இருந்தன.

‘கிடங்கு என் வீட்டின் மேல் விழப்போகிறது’ என்று கலியபெருமாள் மனு கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மாதக் கடைசிக்குள் நிமிர்த்து, இல்லாவிட்டால் இடிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜரினாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. பழைய கட்டில், பீரோ, நாற்காலி வாங்கிச் செப்பனிட்டு, கெஸ்ட் ஹவுஸ்களுக்கு விற்பவள். எல்லாம் அந்த ஓட்டுக்குக் கீழேதான். தாய்மாமன் மொய்னுதீனைக் கூப்பிட்டாள். அவர் தச்சர்.

மொய்னுதீன் தூண்களில் இரும்பு வடம் கட்டினார். கிழக்கே நட்ட முளையோடு அதை இணைத்தார். நடுவில் இறுக்குவதற்கு ஒரு திருகு.

“ஒரேயடியா இழுத்துட முடியாதா மாமா?”

“பழைய மரம் புள்ள. அவசரப்பட்டா முறிஞ்சிக்கும். தெனம் ஒரு விரல். அதுக்கு மேல கேக்காத.”

முதல் வாரம் கிடங்கு சொன்னபடி கேட்டது. பிறகுதான் கோளாறு. காலையில் நிமிர்ந்த ஒரு விரல் சாயங்காலம் காணாமல் போனது. சாய்வு பார்க்கக் கட்டித் தொங்கவிட்ட தூக்குக்குண்டு பழைய கோட்டிலேயே வந்து தொங்கியது. திருகை யாரோ தளர்த்தியிருந்தார்கள்.

“எப்ப மாமா பண்றாங்க?”

“நாம தூங்கறப்ப.”

மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடினால் பாண்டி நாலு மணி வரை தூங்கும். அந்த நேரத்தில் திருடனும் தூங்குவான் என்று நம்பி ஜரினா பின்கதவைப் பூட்டுவதில்லை.

“ஆளு யாருன்னு வேற சொல்லணுமா?” மொய்னுதீன் தாடையால் மேற்கே காட்டினார். “மாசக் கடைசி வரைக்கும் வேலைய இழுத்தடிச்சிட்டா இடிச்சிடுவாங்க. காலி மனை. அவரு கார் நிறுத்த எடம் தேடறது தெருவுக்கே தெரியும்.”

தினமும் வாசலில் நின்று சத்தம் போட்ட கலியபெருமாள் இப்போது குரலைத் தணித்திருந்தார். அன்று ஃபிளாஸ்க்கில் டீயே கொண்டுவந்தார்.

“இன்னா பாய், இவ்ளோ வேகம் எதுக்கு? மெதுவா பண்ணுங்களேன்.”

“மாசக் கடைசி வருதே சார்.”

“வந்தா வரட்டுமே. உடம்பப் பாத்துக்கங்க.”

பின்னாலேயே அவர் மனைவி சுலோசனா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பாய், எங்க மாடி ரூம் கதவு மூட மாட்டேங்குது. வந்து கொஞ்சம் இழைச்சிக் குடுங்களேன்.”

மொய்னுதீன் ஜரினாவின் காதருகே குனிந்தார். “பாத்தியா, என்னையும் இங்கேருந்து கெளப்பப் பாக்குறாங்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் பிரியாணி. சாப்பிட்டால் கண் சொருகும் என்று ஜரினா இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டாள். கிடங்கின் முன்கதவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சாத்தினாள். சுற்றி வந்து பின்கதவு வழியாக நுழைந்து, ஒரு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ஊர் அடங்கியதும் பின்கதவு திறந்தது. வெறுங்காலோடு கலியபெருமாள். கையில் ஸ்பேனர். நேராகத் திருகிடம் போனார்.

“அசையாதீங்கண்ணே. வீடியோ ஓடுது.”

ஸ்பேனர் அவர் காலிலேயே விழுந்தது.

“ஐயோ! போலீசுக்கெல்லாம் போய்டாதம்மா.”

“என் பொழப்ப இடிச்சிட்டு அங்க உங்க கார நிறுத்தணுமா?”

“இடிக்கிறதா? அந்தப் பேச்சே எடுக்காத தாயி! மனுவ இன்னிக்கே வாபஸ் வாங்கிடறேன். உன் கிடங்குல ஒரு ஓட்டக்கூட எவனும் தொட மாட்டான். நிமித்தறத மட்டும் நிறுத்திடு.”

ஜரினா போனைத் தாழ்த்தினாள்.

“சாஞ்சிருக்குன்னுதானே மனு குடுத்தீங்க?”

“குடுத்தேன். ஊரக் கூட்டிக் குடுத்தேன். இப்ப நானே வாபஸ் வாங்கினா தெருவே சிரிக்கும்னுதான் ஸ்பேனரத் தூக்கிக்கினு வந்தேன்.”

“எதுக்கு வாபஸ்?”

அவர் நொண்டிக்கொண்டே அவளைத் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனார். மூட முடியாத கதவைத் தள்ளினார். கிழக்குச் சுவர் உயரத்துக்கு சுலோசனாவின் புடவைகள் கொடியில் தொங்கின. அவற்றை ஒதுக்கினார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்குப் பிளவு. அதன் வழியே ஜரினாவின் கிடங்கு ஓடு வெயிலில் சிவப்பாகத் தெரிந்தது.

“அங்க உன் கிடங்கு ஒரு விரல் நிமிந்தா, இங்க என் வீடு ஒரு விரல் சாயுதும்மா!”