அமைச்சரின் கை

பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவரை நன்மாறன் சொன்னதை மாணவர்கள் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தார்கள். வளர்ச்சித் துறை அமைச்சரானதும் அதுவே சட்டமாகிவிட்டது. சொந்த வீட்டுக்கு உழைத்தால் நாட்டின் வளர்ச்சியில் சேராது. பக்கத்து வீட்டுக்கு உழைத்தால் சேரும்.

அன்று அவர் மனைவி மரகதத்துக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கோதண்டம், நெற்றியைத் தொட்டுப் பார்க்க அமைச்சர் நீட்டிய கையைத் தடுத்தார்.

"ஐயா, நீங்க தொட்டா நாடு வளராது."

கோதண்டமே தொட்டுப் பார்த்தார்.

"உங்க கைதாங்க ஜில்லுன்னு இருக்கும்," என்றாள் மரகதம், கணவரிடம்.

நன்மாறன் பக்கத்து வீட்டுக்குப் போனார். கோதண்டத்தின் மாமியாருக்குக் காய்ச்சலே இல்லை. இருந்தாலும், அந்த அம்மாளின் நெற்றியில் அமைச்சர் அரை மணி நேரம் கை வைத்திருந்தார்.