குமுதவல்லியின் ஓட்டு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டத்துக்கு யாரும் நேரில் போவதில்லை. குடியிருப்பவர் ஒவ்வொருவரின் பேச்சையும் பழக்கத்தையும் வருஷக்கணக்காகக் கவனித்துவரும் இயந்திரப் பதிலி, அவருக்காகக் கூட்டத்தில் பேசி ஓட்டும் போட்டுவிடும்.

அன்று குமுதவல்லி மட்டும் பதறிக்கொண்டு நேரில் போனாள். மறதி நோய் முற்றிப்போன அவள் கணவர் ஞானசிகாமணியை இனி வெளியே விடக்கூடாது என்று தீர்மானம் வந்திருந்தது. காலி நாற்காலிகளுக்கு நடுவே செயலாளர் ரெஜினால்டு மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"சாயந்திரம் கீழ போய் நாலு பேரப் பாத்தாத்தான் சார் அவருக்கு உயிரே இருக்கு. நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்."

"தீர்மானம் நிறைவேறிடுச்சும்மா. யாருமே எதிர்க்கல."

"அப்ப என் ஓட்டு?"

ரெஜினால்டு தயங்கினார். "இந்தத் தீர்மானத்தக் கொண்டுவந்ததே உங்க பதிலிதாம்மா."

"பொய்! நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல."

"வாய்விட்டுச் சொன்னாத்தானாம்மா?" என்றார் அவர் மெதுவாக.

கணவரைத் தேடி அழுதுகொண்டே அவள் ஓடிய தெருக்களெல்லாம் நினைவுக்கு வந்தன. வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்ற ஞானசிகாமணி கைப்பிடியைத் திருகினார். திறக்கவில்லை.

"ரிப்பேர் போலருக்கு குமுதா. ஆளக் கூப்பிடு."

"நாளைக்கு வருவாங்க," என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். கைப்பிடி திருகும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, அவள் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.