பதிமூன்று கிலோ

"பதிமூணு கிலோ குறைச்சிருக்கீங்க சார். எப்படிச் செஞ்சீங்க?"

போனில் இப்படிக் கேட்டவள் கம்பெனியின் உடல்நலப் பிரிவுப் பெண். லாரி டிரைவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை விஷயமாகத்தான் இருக்கும்.

சர்க்கரை முற்றி மூன்று மாதமாக மருத்துவ விடுப்பில் இருக்கிறார். இனி லாரி சரிப்படாது, கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுங்கள் என்று விவரமாக மனுப் போட்டிருந்தார். வருடாந்தரப் பரிசோதனை முடியட்டும் என்று இழுத்தடித்தார்கள். அந்த கேட் வேலையை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

பரிசோதனை என்ன பெரிய பரிசோதனை! மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றார். அங்கே இருந்தவன் எண்ணைப் பார்த்தானே தவிர ஆளைப் பார்க்கவில்லை. உயரத்தைப் போன வருடத்துத் தாளிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டான்.

"உங்க பி.எம்.ஐ. இருபத்தொன்பதுல இருந்து இருபத்திநாலுக்கு வந்திருக்கு சார்."

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடுகிற கணக்காம் அது. இருபத்தைந்துக்குக் கீழே வந்துவிட்டால் உயரத்துக்கு ஏற்ற எடை என்று அர்த்தமாம். பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினாள்.

"அப்ப அந்த கேட் வேலை?" என்று மெதுவாகக் கேட்டார். மனைவி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அதை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு சார். இவ்ளோ ஃபிட்டா இருக்கிறவருக்கு எதுக்கு உட்கார்ற வேலை? திங்கக்கிழமை நீங்க லாரியே எடுக்கலாம்."

"என் மனுவை யாராவது படிச்சாங்களாம்மா?"

"ரிப்போர்ட் போதும் சார். எல்லாம் நம்பர்லயே தெரியுதே."

ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. பாவம், அந்தப் பெண் கையில் இருப்பதைப் படிக்கிறாள்.

அவளோ விடுவதாக இல்லை. எடை குறைத்தவர்களில் இவருக்குத்தான் முதலிடமாம்; பரிசாக, ஓடுவதற்கென்றே செய்த ஷூ தருகிறார்களாம். வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லி சைஸ் கேட்டாள்.

அவர் போர்வையை விலக்கிக் கீழே பார்த்தார்.

"எட்டும்மா. வலது கால் ஷூ மட்டும் போதும்."