மாயக்கா கத்தரியைக் கெடுத்தது யார்?

"இதென்னடி, கத்தரிச்சதா, எலி கடிச்சதா?"

வாடிப்பட்டி முத்துத்தாய் போட்ட சத்தத்தில் எங்கள் லைன் வீட்டின் ஏழு குடித்தனமும் குழாயடியை விட்டு ஓடி வந்துவிட்டது.

அந்தம்மா, மகள் கல்யாணத்துக்குப் பதினோரு ரவிக்கைத் துணி கொடுத்திருந்தது. தைக்கிறது எங்கள் பக்கத்து வீட்டு மாயக்கா. மிஷின் வாங்கி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் இம்புட்டுப் பெரிய ஆர்டர்! ஒரு வாரமாக அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் துணியில் கத்தரி வைத்ததுமே விவகாரம். பட்டு, நூல் நூலாக இழுத்துக்கொண்டு தொங்கியது.

"கத்தரி கொஞ்சம் மழுங்கிருச்சு ஆத்தா..."

"மழுங்குன கத்தரிய வச்சுக்கிட்டு எதுக்குடி வாசல்ல போர்டு மாட்டிருக்க? எந்துணிய எடு. அம்புட்டையும் எடு! வாடிப்பட்டியில ஒருத்தி இனிமே உன் வாசல மிதிக்க மாட்டா."

மாயக்கா கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு நின்றது.

அப்போது உள்ளேயிருந்து வந்தார், அக்காவின் வீட்டுக்காரர் காசிமாயன் அண்ணன். கோரிப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை அவருடையது.

"அவளத் திட்டாதீக ஆத்தா. கத்தரியக் கெடுத்தது நாந்தேன்."

"நீயா?"

"கடைக்கு எமரித் துணி வெட்டணும்னு அவளுக்குத் தெரியாம எடுத்தேன். மண்ணு ஒட்டுன துணியா, கத்தரி பல்லிளிச்சிருச்சு."

அவ்வளவுதான். முத்துத்தாய், டவுன் பஸ் வளைகிற மாதிரி அப்படியே அண்ணன் பக்கம் திரும்பியது.

"ஏய்யா, பொண்டாட்டி பொழப்புக் கத்தரியில உப்புத்தாள் வெட்டுறியே, நீ சோத்தத்தேன் திங்கிறியா?"

"தப்புத்தேன்."

"புத்தி எங்கய்யா போச்சு?"

"எங்கயோ போச்சு ஆத்தா."

ஏழு குடித்தனப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணி பிடிக்கிற மாதிரி வரிசையாக வந்து திட்டினார்கள். கடைசியில் முத்துத்தாயே மாயக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டது.

"அழுகாதடி. இந்த மனுசனக் கட்டிக்கிட்டு நீ இம்புட்டுத் தைக்கிறதே பெருசு. கத்தரியச் சாணை பிடிச்சுட்டு நீயே தையி. அந்த ஓரத்த உள்ள மடிச்சு அடிச்சிரு."

மாயக்கா மட்டும் புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தலையைக் குனிந்தே நின்றது.

எனக்கோ தீபாவளி! அன்று சாயந்தரம் முற்றத்தில் என் கச்சேரி. தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு அண்ணன் குரல்: "எங்கயோ போச்சு ஆத்தா!" இடுப்பில் கையை ஊன்றி முத்துத்தாய் குரல். நடுவில் கத்தரியே கீச்சென்று அழுகிற மாதிரி: "ஐயோ, எம்பல்லு போச்சே!" சிரித்த சிரிப்பில் எங்கம்மாவுக்குக் காபி புரையேறிவிட்டது. அண்ணனுக்கு 'எமரியார்' என்று பட்டப்பேரும் வைத்தேன். விளக்கு வைப்பதற்குள் வாண்டுகள் எல்லாம் அதையே கத்திக்கொண்டு திரிந்தன.

மறுநாள், காயில் கட்டக் கொடுத்த எங்கள் டேபிள் ஃபேனை வாங்க அண்ணன் கடைக்குப் போனேன்.

அண்ணன் எமரித் துணிதான் வெட்டிக்கொண்டிருந்தார். மண் பக்கத்தைக் கீழே கவிழ்த்து, துணிப் பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, உடைந்த ரம்ப பிளேடின் முனையால் இரண்டு கீறல். கீறின இடத்தில் மடித்து, மேஜை ஓரத்தில் அழுத்தி ஒரே இழுப்பு. டர்ர்ர்! ரிப்பன் மாதிரி கழன்று வந்தது. ஒரு பிசிறு இல்லை.

"கத்தரி வேணாமாண்ணே?" என்று அவர் குரலிலேயே கேட்டேன்.

"கத்தரியில வெட்டுனா ஓரமெல்லாம் நூலு நிக்கும்டா. ஒரு நூலு மோட்டாருக்குள்ள போயி சிக்குச்சு, புகைஞ்சிரும். தொழில் பழகுன நாள்லருந்து எமரிக்கு நான் கத்தரியத் தொட்டதே இல்ல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நேத்து?"

வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். டிராயரிலிருந்து ஒரு பத்திரிகைத் தாளை எடுத்து நீட்டினார்.

"மிஷினுக்கடியில எமரி துண்டு துண்டாக் கெடந்துச்சு. பக்கத்துல இது. வாசி."

வாசித்தேன். 'கத்தரி மழுங்கிவிட்டதா, சகோதரிகளே? கவலையை விடுங்கள்! எமரித் துணியைப் பத்துத் துண்டாக நறுக்குங்கள். புதுக் கத்தரி தோற்றுப் போகும்! — சாவித்ரி விஸ்வேஸ்வரன், மதுரை.'

"கல்யாண ஆர்டராச்சே, இன்னும் கொஞ்சம் கூரா இருக்கட்டும்னு இத நம்பி வெட்டிருக்கா. அவளே கெடுத்தான்னு தெரிஞ்சா அந்தம்மா துணியக் குடுக்குமா? அதேன் நான் முந்திக்கிட்டேன். என்னையத்தான சிரிக்கிறீக, சிரிச்சுட்டுப் போங்க. இத மட்டும் யாருகிட்டயும் நடிச்சுக் காட்டிராத மாப்ள."

தலையை ஆட்டினேன்.

"இந்த... சாவித்ரி மேல உங்களுக்குக் கோவமே வரலையாண்ணே?"

"சே! நாலு பொம்பளைகளுக்கு உதவுமேன்னு நெனச்சு எழுதியிருக்கும். குடும்பப் பொம்பள, வெளையாட்டுக்கா எழுதும்?"

அரும்பு மீசையும் கையில் டேபிள் ஃபேனுமாக அவர் எதிரில் நின்றுகொண்டிருந்த அந்தக் குடும்பப் பொம்பளை, நான்தான்.