ஆளுக்கு ஐந்து விதை

“எல்லாரும் நாக்க நீட்டுங்க.”

பதினோரு நாக்குகள் நீண்டன. விளையாட்டு என்று நினைத்துச் சில பிள்ளைகள் கண்ணையும் உருட்டின.

டீச்சர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ரோஸ் கறை இருக்கிறதா? இல்லை. இந்தப் பிள்ளைக்கு? இல்லை, சாமி, இல்லை.

சற்று முன்னால்தான் ஆளுக்கு ஐந்து மக்காச்சோள விதை கொடுத்திருந்தாள். தானியம் எப்படி முளைக்கிறது என்று அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கணவன் காட்டில் விதைத்தது போக மிச்சம் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. டிபன் பாக்ஸில் அள்ளி வந்தாள்.

ரோஸ் நிற விதை. டவுனில் வளர்ந்தவள், அழகுக்குப் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

பாடம் நன்றாகத்தான் போனது. மண்ணில் போட்டால்? முளைக்கும்! வாயில் போட்டால்? பலம் வரும்! பிள்ளைகள் கத்திய கத்தலில், மூலையில் தூளியில் கிடந்த அவளுடைய ஏழு மாதக் குழந்தைகூட விழித்துக்கொண்டது.

பிள்ளைகள் பேப்பர் கப்பில் மண்ணை நிரப்பி விதைத்தார்கள். அப்போதுதான் சமையல் பார்க்கும் பேச்சியக்கா எட்டிப் பார்த்தாள்.

“அய்யய்யோ டீச்சர்! இது பூச்சி மருந்து வச்ச வெதையாச்சே!”

உடனேதான் எல்லாரையும் நாக்கை நீட்டச் சொன்னாள்.

நல்லவேளை, பதினோரு நாக்கும் சுத்தம்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. கப்புகளைக் கவிழ்த்து எண்ணினாள். ஐந்து. ஐந்து. எல்லாவற்றிலும் ஐந்து.

கடைசிக் கப்பில் மூன்று.

கனிஷ்காவின் கப். நான்கு வயது. ஒரு கையை இறுக்கி மூடியிருந்தாள்.

“மிச்சம் ரெண்டு எங்கடி தங்கம்?”

கனிஷ்கா தூளியைக் காட்டினாள்.

“பாப்பா எந்திரிச்சு நடக்கவே மாட்டேங்குதுல்ல டீச்சர்.”

ஓடினாள்.

குழந்தை எதையோ சப்பிக்கொண்டிருந்தது. உதடெல்லாம் ரோஸ். விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். ஈறு. நாக்கு. கன்னத்து ஓரம். அங்கே இருந்தது. பாதிச் சாயம் போய், வழவழவென்று வெளியே வந்தது.

ஒன்றுதான்.

மறுபடியும் துழாவினாள். குழந்தை வீறிட்டது. அழட்டும். அழுதால் மூச்சு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பேச்சியக்கா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள்.

“இன்னொண்ணு எங்க? சொல்லித் தொலை!”

இதுவரை பிள்ளைகளிடம் அவள் இப்படிக் கத்தியதே இல்லை.

கனிஷ்கா மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“இது எங்கம்மாவுக்கு. அம்மா படுத்தே கெடக்கு.”

போன உயிர் திரும்பி வந்தது. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கனிஷ்கா முன்னால் மண்டியிட்டாள். குடுத்துரு தங்கம் என்றாள். கெஞ்சினாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.